முற்றத்துத் தார்ப்பாய்

12 மே 2005, வியாழன்

கத்திரி வெயில். காலையிலேயே முதுகு நனைந்துவிட்டது. வேனில் சாமான் ஏற்றும் வேலை.

எல்லாம் தம்பி குமாரின் யோசனை. ஜாடி ஏற்றுகிற பழைய வேனைக் கழுவி, உள்ளே இரண்டு பக்கமும் பலகை அடித்து, அவன் மனைவி செல்வியின் பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறான். மூலைகளில் இன்னும் வைக்கோல். லாட்ஜ் கிடையாதாம். வழியில் சமைத்து, வண்டியிலேயே படுத்து, கல்வராயன் மலை போய் வருவதாம். கேரவன் என்கிறான். எங்கோ டிவியில் பார்த்திருக்கிறான்.

ஏற்றியவை: சின்ன சிலிண்டர், அடுப்பு, அரிசி, புளிக்காய்ச்சல், தண்ணீர் டிரம், பாய் ஐந்து, நீலத் தார்ப்பாய், என் மாத்திரைகள். என் நாற்காலிக்கு இடமில்லை என்று இறக்கிவிட்டார்கள்.

யோசனை தம்பியுடையது என்றாலும் ஏற்பாடு பெண்களுடையது. திங்கட்கிழமை பத்திர எழுத்தரிடம் போய் எங்கள் ஜாடிக் கம்பெனியை இரண்டாகப் பிரித்து எழுதுவதாக முடிவு. அதற்கு முன் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் அடைத்துப் போட்டால் பேசிவிடுவோம் என்று என் மனைவி விஜயாவும் செல்வியும் நினைக்கிறார்கள். மூன்று வருஷமாக ஒரே சூளைக்கு முன் நின்று பேசாதவர்கள் வேனில் பேசுவார்களாம்.

எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது தம்பி கம்பெனிப் பலகையைப் புதிதாக எழுதினான். 'உரிமையாளர்: இரா. குமார்.' என் பேருக்கு இடம் போதவில்லையாம். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நான் எம்.எஸ்ஸி. வேதியியல். அவன் பத்தாவது. ஜாடிக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் பூச்சு முழுக்க என் கை. ஆனால் வருகிற பார்ட்டியெல்லாம் 'குமார் அண்ணன் இருக்காருங்களா?' என்றுதான் கேட்கிறது.

பேசாததால் வேலை எதுவும் நிற்கவில்லை. நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொல்லிக்கொள்கிறோம். கம்பெனியில் அஞ்சலை, பத்து வருஷமாக வேலை செய்கிறவள். வீட்டில் அபி, தம்பியின் மகள், ஒன்பது வயது. இப்போது லீவு. முழுநேர உத்தியோகம் அவளுக்கு.

இன்று காலைகூட. தம்பி கைக்கெட்டும் தூரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, கம்பெனி முத்தத்துல இருக்குற நீலத் தார்ப்பாய எடுத்துக்கலாமான்னு அப்பா கேக்குறாரு."

"எடுத்துக்கச் சொல்லு."

"எடுத்துக்கச் சொன்னாருப்பா."

"கேட்டுச்சு," என்றான் அவளிடம்.

வெயில் தாழக் கிளம்பி, கள்ளக்குறிச்சி தாண்டி, கோமுகி அணைக்கு இருட்டும் முன் வந்துவிட்டோம். காற்றே இல்லை. வி. வேனுக்குள் படுத்தாள், நான் வெளியே பாயில். கொசு.

13, வெள்ளி

காலையில் வெயில். அணையில் தண்ணீர் குறைவு. அபி கரையோரம் கல் பொறுக்கினாள். உப்புமா. பாதியில் காற்று கிளம்பி அடுப்பு அணைந்தது, மண் விழுந்தது. செல்வி "மொளகு போட்டேன்னு நெனச்சி சாப்புடுங்க மாமா" என்றாள். சாப்பிட்டேன். பல்லில் இன்னும் இருக்கிறது.

மத்தியானம் எதிர்பாராமல் மேற்கே கறுத்தது. கத்திரியில் மழையா என்று சொல்லி முடிப்பதற்குள் பெரிய பெரிய துளிகள். தம்பி தார்ப்பாயை வேன் கூரையிலிருந்து புளியமரத்துக்கு இழுத்துக் கட்டினான். ஐந்து பேரும் அடியில். தலைக்கு மேல் தபதபவென்று சத்தம். குட்டை கட்டிய தண்ணீரைக் கம்பால் குத்தி இறக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தார்ப்பாயின் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த களிமண்ணைப் பார்த்தேன். வெள்ளைக் களிமண். நம்முடையது. தம்பியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் கொட்டகை நிறைந்துவிட்டதால் மீதி ஜாடிகள் முற்றத்தில், பலகைகள் மேல். பாண்டிச்சேரிக் கடைக்கான ஊறுகாய் ஜாடிகள், என் புதுக் கிளேஸுக்கென்று வைத்திருப்பவை. இன்னும் சுடவில்லை. பகல் வெயில் நேரே பட்டால் வெடிக்கும் என்று கோணி போட்டிருக்கிறது. மழைக்குப் போட முற்றத்தில் இருந்தது இந்த நீலத் தார்ப்பாய் ஒன்றுதான்.

"அபி, முத்தத்துக்கு வேற என்ன போட்டுட்டு வந்தாருன்னு பெரியப்பாவக் கேளு."

"உங்க அப்பன் என்ன போட்டான்னு கேளு. தார்ப்பாய எடுத்தவன்தான போடணும்."

"முத்தம் அவரு பொறுப்பு. எடுத்துக்கன்னு சொன்னவரு யோசிச்சிருப்பாருன்னு நெனச்சேன்."

அபி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பக்கத்துலதான இருக்கீங்க. எனக்குத் தண்ணி தவிக்குது." எழுந்து வேனுக்குள் போய்விட்டாள்.

கொட்டகைப் பரணில் ஒரு பழைய தார்ப்பாய் இருக்கிறது. அவன் அதை விரித்திருப்பான் என்று நான். நான் விரித்திருப்பேன் என்று அவன். ஒரு வாக்கியம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

மழை விட்டதும் உடனே சுள்ளென்று வெயில். ஈரத் துணியெல்லாம் வேன் மேல். தம்பியின் கைபேசியில் சிக்னல் இல்லை. திரும்பிவிடலாம் என்று நான் வி.யிடம் சொன்னேன். "இங்க பேஞ்சா அங்க பேஞ்சிருக்கணுமா? கொழந்த மலையே பாக்கல," என்றாள். தம்பி ஈரத் துணிகளை அள்ளி உள்ளே போட்டான். மலைக்கு விட்டான் வண்டியை.

14, சனி

வெள்ளிமலை. விடியும்போது மூடுபனி. கத்திரியில் ஸ்வெட்டர் தேடினேன், இல்லை. வி. புடவையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தேன். முட்டி வலி. வேன் பலகையில் படுத்தால் ஒரு பக்கமாகத்தான் படுக்க முடிகிறது, திரும்பினால் தம்பியின் கால்.

கடைத்தெருவில் ஒரு போன் பூத். கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு அடித்தேன். நான்காவது முறை கிடைத்தது. கூண்டுக்கு வெளியே தம்பி, கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு.

"மழயா?" டீக்கடைக்காரர் சிரித்தார். "இங்க காக்காகூட நெழல்லதான் நிக்கிது. அங்க மழயா சார்? குடுத்துவச்சவங்க."

வெளியே இருந்து குரல்: "அபி, அஞ்சலையக் கொட்டகையில எடம் பண்ணி ஜாடிய உள்ள ஏத்தச் சொல்லச் சொல்லு."

அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லுகிறேன் என்றார் டீக்கடைக்காரர். சொல்வாரோ, மறப்பாரோ.

போனை வைத்தபோது நிம்மதி. அதற்கடியில் வேறொன்றும். எழுதிவிடுகிறேன், இதைப் படிக்க யாருமில்லை. ஏமாற்றம். அணையிலிருந்து மலைவரை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாடிகள் கரைந்துபோனால் தம்பியிடம் சொல்ல வேண்டியதை வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பலகையில் என் பேர் போட இடமில்லாதவனுக்கு ஜாடி வைக்க இடமிருந்ததா என்று தொடங்கும். நன்றாக வந்திருந்தது.

அருவி. தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் பனிக்கட்டி. அபியும் செல்வியும் கத்திக்கொண்டே நனைந்தார்கள். தம்பி பாறையில் வழுக்கி உட்கார்ந்தபடியே பத்தடி இறங்கினான். வேட்டி தனியாக வந்தது. வி. முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் பார்த்துவிட்டான்.

திரும்பும் வழியில் ஆலங்கட்டி. கூரையில் கல்லெறிகிற மாதிரி. பிறகு மழை, பிறகு வெயிலும் மழையும் சேர்ந்து. ஒரு மேட்டில் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. தள்ளினோம். சக்கரம் சுற்றிச் சுற்றி என் சட்டை முழுக்கச் சேறு அடித்ததுதான் மிச்சம். தம்பி தார்ப்பாயை மடித்துச் சக்கரத்தடியில் செருகினான். என்னிடம் கேட்கவில்லை, அபியையும் கேட்கவில்லை. அதன்மேல் ஏறி வண்டி வெளியே வந்தது. தார்ப்பாயில் ஒரு சாண் கிழிசல்.

அதை மடிப்பதற்கு ஒரு ஆள் போதாது. அவன் ஒரு முனையை எடுத்துக்கொண்டு நின்றான். வி. என்னைப் பார்த்தாள். மறுமுனையை எடுத்தேன். உதறினோம். நடந்து வந்து அவன் கையில் என் முனையைக் கொடுக்க வேண்டும், மடிப்பை எடுக்கக் குனிய வேண்டும், மறுபடி நடந்து வர வேண்டும். நான்கு மடிப்பு. முகத்துக்கு முகம் அவ்வளவு கிட்டே அவனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. காதோரம் நரைத்துவிட்டது அவனுக்கு.

"சண்ட போட்ட கோழிங்க மாரி நடக்குறாங்க பாருக்கா," என்று செல்வி வி.யிடம் சொன்னது காதில் விழுந்தது.

15, ஞாயிறு

காலையில் பளிச்சென்று வானம். மலையிறக்கம். அபிக்கு வாந்தி, இரண்டு முறை. பெண்கள் இன்னொரு நாள் தங்கலாம் என்றார்கள். தம்பி அபியிடம், "பெரியப்பா என்ன சொல்றாரு?" என்றான். "வூட்டுக்குப் போயிடலாம்னு சொல்லு," என்றேன். "அதான் சரி," என்றான் அவளிடம். மூன்று வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

கச்சிராயபாளையத்தில் கைபேசி உயிர்பெற்றது. டீக்கடைக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி. எடுக்கவில்லை. சின்னசேலம் தாண்டியதும் ரோட்டில் ஈரம். அதற்கப்புறம் வயலெல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு இடத்தில் புளியங்கிளை முறிந்து கிடந்தது, ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தோம். எல்லோரும் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அபிகூட.

வீட்டுக்குப் போகாமல் நேரே கம்பெனி.

முற்றத்தில் அஞ்சலை. முழங்கால்வரை சேறு. "நேத்து சாயங்காலம் ஊத்துச்சு பாருங்க," என்றாள். "டீக்கட அண்ணன் சொன்னதும் உள்ள ஏத்த ஆரம்பிச்சோம். பாதி ஏத்துறதுக்குள்ள வந்துடுச்சு. கோணி, சிமெண்டு சாக்கு, எம்பொடவ எல்லாம் போட்டுப் பாத்தேன். பரண்ல இருந்த தார்ப்பாய எடுத்தா, சல்லட மாரி இருக்குது."

பாதி பிழைத்திருக்கிறது. மீதி ஜாடிகள் கழுத்து தொங்கி, வாய் கோணி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பலகைகளில் வெள்ளைக் கூழ். சில இன்னும் ஜாடி மாதிரிதான் தெரிந்தன. தொட்டால் விரல் உள்ளே போகிறது.

தயாராக வைத்திருந்த வாக்கியங்களைத் தேடினேன். முதல் வரி நினைவு வந்தது. தம்பி முற்றத்தின் நடுவில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான், எதையோ வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பவன் மாதிரி. அவனும் என்னிடம் சொல்ல ஏதாவது தயார் செய்திருப்பான். அவனும் சொல்லவில்லை.

அஞ்சலைக்குப் புடவை வாங்கித் தர வேண்டும். வி.யிடம் சொன்னேன்.

16, திங்கள்

வெயில். முற்றத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக. காற்றில் மண்வாசனை, எரிச்சலூட்டும் அளவுக்கு.

பத்திர எழுத்தர் பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வி. டிபன் வைக்கவில்லை. போகிற வழியில் கம்பெனியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் இறங்கினேன்.

தம்பி ஏற்கனவே அங்கே. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கரைந்த ஜாடிகளை மண்வெட்டியால் வழித்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். சுடாத மண். ஊறவைத்து, வடிகட்டி, மறுபடி ஜாடி செய்துவிடலாம். வேலைதான் இரட்டிப்பு. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது, இன்று அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லையும் வைக்கோலையும் பொறுக்காமல் போட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் அவன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தொட்டியோரம் உட்கார்ந்து பொறுக்கினேன்.

அவன் போட்டான். நான் பொறுக்கினேன். அஞ்சலை வந்து பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு டீ சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொரு மணிச் சங்கு ஊதியது தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் கைபேசி அடித்தது, எடுத்துப் பார்த்தான், அணைத்துப் பையில் போட்டான்.

வேனிலிருந்து இழுத்து வந்து கழுவி உலர்த்தியிருந்த நீலத் தார்ப்பாயை, வெயில் ஏறியதும் மடிக்கப் போனான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். அஞ்சலை இல்லை. அபியைச் செல்வி காலை பஸ்ஸில் சேத்தியாத்தோப்புக்குக் கூட்டிப்போய்விட்டாள், அவள் மாமா வீட்டில் லீவு முடியும்வரை இருப்பாளாம்.

கொட்டகைத் தூணைப் பார்த்துச் சொன்னான்: "யாராவது அந்தப் பக்கம் புடிச்சா மடிச்சிடலாம்."

பிடித்தேன். உதறினோம். முதல் மடிப்பு. நடந்து போய் முனையைக் கொடுத்தேன். கிழிசல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது.

"பரண்ல இருக்குறத எலி கடிச்சிருக்கு," என்றேன். தூணைப் பார்க்கவில்லை. "வண்டிக்குத் தனியா ஒண்ணு வாங்கணும்."

மடிப்பை நீவிவிட்டான்.

"வாங்கிடலாம்ண்ணே," என்றான், தூணிடம்.

மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வருகிறது. மடித்ததை விரிக்க வேண்டும்.