ஓட்டை போட்ட ஷூவும் இன்னொரு மாப்ளேயும்

என் உயிர் மாப்ளே ஜலாலுக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம். கோபம் என்று சொல்வதுகூட கௌரவத்துக்காகத்தான், உண்மையில் அது பொறாமை. ஐப்பசியில் உன்னை மண்ணில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து உன்னை நினைத்தால் அழுகை வரும். போன வாரத்திலிருந்து வயிறுதான் எரிகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போன பிறகு மழை வெளுத்து வாங்கியது. நீ பார்த்திருக்க வேண்டும், நரிக்குடிப் பக்கம் எல்லாக் கண்மாயும் நிரம்பி மறுகால் போனது. வீரசோழனில் உன் பாத்திரக்கடையில் இப்போது உன் வீட்டுக்காரி சபுரா தங்கச்சிதான் உட்காருகிறது. நீயாவது முகம் பார்த்து விலையைக் குறைப்பாய், தங்கச்சியிடம் அந்தப் பேச்சே கிடையாது. கடை நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதே.

போன வாரம் எங்கள் பெரிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா வைத்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் சுற்றுப்பட்டிக்கே கண்மாயைத் திறந்துவிடுகிற அந்த ஒரு நாளுக்கு நாம் வருசம் முழுக்கக் காத்திருப்போம். நீ இல்லாமல் இறங்கக்கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரி விடவில்லை. "எங்க ஜலாலு அண்ணன் பாத்துப் பாத்து செஞ்சு குடுத்த ஷூவு பரண்ல கெடந்து எலி கடிக்கணுமா? எந்திரிச்சுப் போயிட்டு வாங்க" என்று மீனை அமுக்கிப் பிடிக்கிற ஊத்தாக்கூடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த ஷூவின் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருதரம் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. முதல் தடவை நான் ரப்பர் செருப்போடு இறங்கினேன். சேறு அதை உறிஞ்சிக்கொண்டது. எல்லாரும் மீனைத் தேட நான் செருப்பைத் தேடினேன். அடுத்த தடவை என் உரக்கடையிலிருந்தே முழங்கால் வரைக்கும் வருகிற கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு கெத்தாக வந்தேன். தண்ணீர் உள்ளே புகுந்து காலைத் தூக்கவே முடியவில்லை. நீதான் கக்கத்தில் கையைக் கொடுத்து என்னை மட்டும் பிடுங்கினாய், பூட்ஸ் கண்மாய்க்கே போனது. அதற்கும் அடுத்த தடவை வெறுங்காலோடு இறங்கி, கருவேல முள்ளு உள்ளங்காலில் ஒடிந்து, சித்திரை வரைக்கும் நொண்டினேன்.

"ஏலே, மீனு பிடிக்க வாரியா, காலத் தொலைக்க வாரியா?" என்று திட்டிவிட்டு, நீ என்னை அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற்றினாய். வேண்டுமென்றே சாயங்காலமாகப் பார்த்துக் கூட்டிப்போனாய். "பொழுதுசாயக் காலு லேசா வீங்கியிருக்கும். அப்பப் போட்டுப் பாத்தாத்தான் நெசமான அளவு தெரியும்." கடையில் காலுறையை மாட்டச் சொல்லி, கான்வாஸ் ஷூவைப் போட்டு, ஒற்றைக் காலில் நிற்க வைத்தாய். விரலை மடக்கு என்றாய், குதி என்றாய். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு ஜோடி வழவழப்பான அடி, வழுக்கும் என்று தள்ளினாய். ஒரு ஜோடி தண்ணீரில் ஊறினால் கனக்கும் என்றாய். கடைசியில் கெட்டியான, வரிவரியான அடி உள்ளதை எடுத்தாய்.

பிறகு உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பியைக் காய்ச்சி, உள்பக்கம் மட்டும் ஓட்டை போட்டாய். புகுந்த தண்ணீர் வெளியே போகவேண்டுமே. "வெளிப்பக்கம் போட்டா முள்ளு வழி கேக்காம உள்ள வந்துரும்" என்றாய். சைக்கிள் டியூபைக் கிழித்து, சேறு ஷூவை இழுக்காதபடி கணுக்கால் வரைக்கும் பட்டை வைத்தாய். கையில் கொடுக்கும்போது சொன்னாயே, அதை நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்? "இது ஒனக்கு மட்டுந்தான் மாப்ளே. வேற எவனுக்கும் இப்பிடிச் செஞ்சு குடுக்க மாட்டேன்."

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். கரையில் இருக்கிற சாமியைத் தாண்டும்வரை ஷூவைக் கையில்தான் தூக்கிப்போனேன், நீ பழக்கியபடியே. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். சனம் மொத்தமும் தண்ணீரில் பாய்ந்தது. ஊத்தாவை அமுக்கிக் கையை விட்டேன், முதல் அமுக்கிலேயே கை நீளத்துக்கு ஒரு விரால். "பாத்தியா மாப்ளே!" என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். பக்கத்தில் நீ எங்கே இருக்கிறாய்?

எனக்கு எதிரே ஓர் ஆள் சேற்றிலிருந்து காலைத் தூக்கினார். காலில் கான்வாஸ் ஷூ. உள்பக்கத்து ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கொட்டியது. மேலே சைக்கிள் டியூப் பட்டை. என் கையிலிருந்த விரால் நழுவிப் போனது. அதைப் பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை என்றால் பார்த்துக்கொள்.

"இந்த ஷூவு எங்க வாங்குனீக?"

"வாங்குனதில்லண்ணே. எங்க ஜலாலு மச்சான் எனக்குன்னு செஞ்சு குடுத்தாக. வேற எவனுக்கும் இப்பிடிச் செய்ய மாட்டேன்னு சொல்லித்தான் குடுத்தாக."

எங்க ஜலாலு மச்சான்! அப்போதுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. மதுரையிலிருந்து உன் கடைக்குப் பாத்திர லோடு கொண்டுவருகிற முத்திருளு. லோடை இறக்கிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிற ஆள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"ஒங்கள அவன் எப்பிடிக் கூப்புடுவான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மாப்ளேம்பாக."

மாப்ளேயாம். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களுக்கெல்லாம் நீ அவரோடுதான் போயிருக்கிறாய், நரிக்குடிப் பக்கத்துக்கு என்னோடு. இரண்டு குடும்பம் வைத்திருக்கிறவன் மாதிரி அல்லவா நடந்திருக்கிறாய் மாப்ளே? "வெள்ளிக்கிழமை சோலி இருக்கு" என்று சொல்லிச் சொல்லிப் போனாயே, அந்தச் சோலி இதுதானா?

சுற்றிலும் சனம் மீன் பிடித்துக்கொண்டிருக்க, நான் அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். "கழட்டுங்க, பாப்போம்." பாவம், மறுபேச்சில்லாமல் கழற்றினார். உள்ளே ரப்பர் பாயை வெட்டி, குதிகால் பக்கம் இரண்டு மடிப்பாக மெத்தை வைத்திருந்தாய். எனக்கு அந்த மெத்தை இல்லை. என் ஷூவுக்குள் கையை விட்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். இல்லவே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவன், உரக்கடை முதலாளி, ஒரு துண்டு ரப்பர் பாய்க்காகக் கண் கலங்கினேன்.

அவரோ என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய பட்டை கணுக்காலைச் சுற்றி மேலே ஏறிக் குறுக்காக வந்து முடிகிறது அல்லவா? அவருடையது ஒரே சுற்றோடு நின்றுவிடுகிறது. "எனக்கு இம்புட்டு வைக்கலையேண்ணே" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பைக்குல விழுந்ததுல எனக்கு எடது கணுக்கால் பெசகும். அதுக்காக வச்சது" என்றேன்.

"எனக்குக் குதிகால் வலிண்ணே. வண்டி ஓட்டியே வந்த வினை. அதுக்குத்தான் மெத்தை வச்சாக."

இரண்டு பேரும் ஷூவை மாற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நீ பொய் சொல்லவில்லை, மாப்ளே. வேறு எவனுக்கும் இப்படிச் செய்யவில்லைதான். என்னுடையதைப் போட்டால் அவர் நொண்டுவார், அவருடையதைப் போட்டால் நான் விழுவேன். புரிகிறது. புரிந்துவிட்டால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுகிறதா என்ன?

"நீங்கதான உரக்கடைக்காரவுக? ஒங்களப் பத்தி மச்சான் ஓயாமப் பேசுவாக" என்றார் அவர். அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்த உனக்கு, என்னிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஏன் வாய் வரவில்லை? நான் தாங்கமாட்டேன் என்று தெரிந்துதான் மறைத்தாயா? அப்படியென்றால் என்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்திருக்கிறாய்.

அவர் எனக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் மெதுவாக விசாரித்துக்கொண்டேன். பின்னால்தான். எனக்குச் செய்த மறுவருசம். அதற்குப் பிறகுதான் அன்று மூச்சே விட்டேன்.

கிளம்பும்போது அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடி பிளந்திருந்தது. "இனி யாருகிட்டண்ணே போறது?" என்று கேட்டுவிட்டு, சேற்றுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். உனக்காக என்னைப்போல அழுகிற இன்னொருத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முத்திருளை நான் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போவேன். சாயங்கால பஸ்ஸில்தான். காலுறையை மாட்டி ஒற்றைக் காலில் நிற்க வைப்பேன், குதிக்கச் சொல்வேன். கம்பியைக் காய்ச்சி உள்பக்கம் மட்டும் ஓட்டை போடுவேன். ரப்பர் பாய் வெட்டிக் குதிகாலுக்கு மெத்தை வைப்பேன். கையில் கொடுக்கும்போது, "இது ஒனக்கு மட்டுந்தான் மாப்ளே, வேற எவனுக்கும் இப்பிடிச் செஞ்சு குடுக்க மாட்டேன்" என்று உனக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்வேன். உனக்கும் கொஞ்சம் எரியட்டும்.

என்றும்
உன் மூத்த மாப்ளே