கவலைக்கிழங்கு தோண்டிய நாள்

மாசி 6, செவ்வாய்.

என் வீட்டுக்காரரை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, சேலத்து டாக்டர் அனுப்பி எட்டு நாளாகிறது. தொண்டையில் தண்ணீர் இறங்குவதே சிரமம்.

இன்று காலையில், "வேலியில கவலைக்கொடி காஞ்சிருக்கும். ஒரு கெழங்கு தோண்டியாறயா கண்ணு?" என்று கேட்டார்.

கடப்பாரையோடு போய் இடுப்பளவு ஆழம் தோண்டினேன். முழங்கை நீளத்தில் ஒரு கிழங்கு கிடைத்தது. வேகவைத்து, மசித்து ஊட்டினேன். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பிவிட்டார்.

"நீ சாப்புடு. நான் பாத்துக்கிட்டு இருக்கறேன்."

எதிரில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

"மறுபடி மொளைக்கறதுக்குத் தலைக்கெழங்கக் குழியில வெச்சு மூடினயா?"

"மூடிட்டேனுங்க" என்றேன்.

மூடவில்லை. அதைக் கொடியோடு சேர்த்து வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த மாசியில் கிழங்கு கேட்க அவர் இருக்கமாட்டார்.