மூடும் முன் ஒரு தயக்கம்

டுலூத், ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? அம்மா தூங்கிவிட்டாள். இப்போது பனி வாரும் வண்டியின் வெளிச்சம் சுவரில் ஓடியது. அம்மாதான் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டாள் என்று பயந்து கணினியை மூடிவிட்டு, மறுபடி திறந்து எழுதுகிறேன். “அந்த மெஷின்தான் உங்கப்பாவ முழுங்குச்சு, நீயும் போய் விழாத” என்பாள்.

விழுந்துவிட்டேன். நான் குழந்தையாக இருந்தபோது நீங்கள் ஆபீசிலேயே கிடந்து எழுதிய லார்க் இயங்குதளத்தை, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க, சிலர் முதலிலிருந்து புதிதாக எழுதுகிறோம். திரையில் திறந்து மூடும் ஜன்னல்கள் என் பொறுப்பு. பழைய லார்க்கில் ஜன்னலை மூடினால் சுருங்கி, ஒரு கணம் தயங்கி, பிறகுதான் மறையும். என்னுடையது சட்டென்று போய்விடுகிறது. அந்தத் தயக்கத்தை வைத்தது நீங்களா? எப்படி? ஒரு வரி போதும்.

உங்கள்
மரிட்

டுலூத், பிப்ரவரி 2

அப்பா,

கோபமா? உங்கள் பழைய பனிக்கோட்டை அம்மா இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இதையாவது படித்தேன் என்று எழுதக்கூடாதா?

மரிட்

போர்ட்லாண்ட், பிப்ரவரி 5

என் செல்ல மரிட்,

கோபமில்லை. உன் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். உங்கள் குழுவின் விதியை மறந்துவிட்டாயா? லார்க்கின் மூல நிரல் கம்பெனிக்குச் சொந்தம்; அதைப் பார்த்தவன் வாய் திறந்தால், கேட்டவள் எழுதியது திருட்டாகிவிடும், எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டும். நான் பார்த்தவன் மட்டுமல்ல, எழுதியவன். பள்ளிக்கூடம், பனி, அம்மா, எதைப் பற்றியும் கேள். லார்க்கை மட்டும் கேட்காதே.

உங்கள் லார்க்கை என் கணினியில் போட்டேன். ஞாயிறு முழுக்க ஜன்னல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் சொல்லலாம்.

அன்புடன்
அப்பா

டுலூத், பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

குழுவை நடத்தும் பெர்னிஸிடம் நீங்கள் யார் என்று சொல்லிவிட்டேன். பெர்னிஸ் சொன்னது இதுதான்:

“அட லூசு, இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? அவர் எதுவும் சொல்லலல்ல? அப்ப நீ எழுதுனது சுத்தம். இனிமேலும் அவர்கிட்ட லார்க் பேச்சே எடுக்காத. பேசியே ஆகணும்னா லார்க் எழுதறத விட்டுடு. ரெண்டும் நடக்காது கண்ணு.”

விட்டுவிட்டேன். இதுவரை எழுதியதை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஜன்னல்களை இனி வேறொருவர் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் அழுதேன். ஆனால் நீங்கள் வீட்டுக்கு வராத ராத்திரிகளெல்லாம் அந்த லார்க்கில்தான் இருக்கின்றன. எனக்கு அவை வேண்டும்.

அம்மா கூடத்தில் நடக்கிறாள். இன்று நான் கணினியை மூடவில்லை.

இனி பாழாவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. சொல்லுங்கள் அப்பா, மூடும் முன் அந்த ஜன்னல் ஏன் தயங்கியது?

உங்கள்
மரிட்