தோப்பு ரயிலை ஓட்டிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பழைய லாரி கிளம்பாமல் இருமிக்கொண்டு நின்றது. சூடேறிய டீசல் வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது.

1950களில் அப்பா பழைய லாரி எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்தில் ஏற்றி, திறந்த பெட்டி இரண்டைக் கோத்து, பஸ் நிற்கும் சாலையிலிருந்து நம் தென்னந்தோப்பு வழியாகக் காவிரிப் படித்துறை வரை ஓடவிட்டார். ஸ்ரீரங்கம் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, கணவனை இழந்து வீட்டுக்குத் திரும்பியிருந்த நீ போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தாய். அப்பா தடுக்கவில்லை. சித்தப்பா தடுத்தார். நீ கேட்கவில்லை.

முதல் நாளே ஒரு பெரியவர் எழுந்து, தாலியறுத்தவள் ஓட்டும் வண்டியில் தீர்த்தமாடப் போவதா என்று சத்தம் போட்டார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறங்கறவங்க இறங்கிக்கலாம். வண்டி கிளம்பப் போகுது" என்றாய். அவர் மட்டும்தான் இறங்கினார்.

அதன் பிறகு வந்த கூட்டத்தை இன்று யாரும் சொல்வதில்லை. பெண் ஓட்டுகிறாளாம் என்று உறையூரிலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் வந்தார்கள். இடம் போதாமல் மூன்றாவது பெட்டியும் சேர்த்தோம்.

அறுபதுகளில் படித்துறை வரைக்கும் தார்ச்சாலை வந்தது. டவுன் பஸ் வந்தது. அடுத்த வெள்ளத்தில் ஆற்றோரத் தண்டவாளம் மண்ணோடு சரிந்தது. அப்போது அப்பாவும் இல்லை. சித்தப்பா எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு விலை பேசிவிட்டார். ஆட்கள் வந்த காலையில், மிஞ்சிய பாதையில் காலி வண்டியை ஒருமுறை ஓட்டினாய். கடப்பாரையோடு அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இறங்கி வந்து, "இப்பப் பிடுங்கிக்குங்க" என்றாய்.

பொம்பளை கை வைத்ததால் போன ரயில் என்று சொந்தக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். பஸ்ஸும் ஆறும் சேர்ந்து நிறுத்தியதை உன் தலையில் கட்ட நான் விடமாட்டேன். அவர்கள் வீட்டு விசேஷத்திலேயே எழுந்து நின்று மறுத்திருக்கிறேன்.

என் கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில் நீ முன்னால் வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். யாருக்கும் பணியாத நீ, எனக்காகப் பணிந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாய். நான் மணையை விட்டு எழுந்து வந்து உன் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்டி" என்றாய்.

"நீ வராம நான் உட்காரமாட்டேன்."

மேளம் நின்றுபோனது. பிறகு மாப்பிள்ளையே வாசிக்கச் சொன்னார். தாலி கட்டும்போது பின்னால் நின்று என் கூந்தலைத் தூக்கிப் பிடித்தது நீதான். அந்தக் கையின் கனம் இன்னும் என் பிடரியில் இருக்கிறது.