தாளின் பின்பக்கம்

பலாபத்வல,
30.08.1964

அன்பு மகன் புஹாரிக்கு உம்மா சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நாங்க மூணு பேரும் அல்லாஹ்ட காவல்ல சுகமா இருக்கிறோம், கோழிகளும் சுகம், அங்க மூதூர்ல கடக்காத்துல நீங்க நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். எப்பவும் நான் சொல்ல வாப்பா எழுதுவாரு, இது வாப்பாட கையெழுத்து இல்லையேன்னு பயந்திராதீங்க, வாப்பா கல்லு மாதிரி இருக்காரு, இப்பக்கூட முத்தத்துல நின்னு சாதிக்காய் சரியாக் காயல்லன்னு யாருக்கோ சத்தம் போடுறாரு. யார் எழுதினதுன்னு பொறகு சொல்றேன், அதுக்காகத் தாளத் திருப்பிக் கடைசிய முதல்ல பாக்கப்படாது.

ஒங்கட கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேலயாச்சு. தங்கச்சி மஸீஹாவ ஏசாம அடிக்காம ஒரு மாசம் சும்மா பாருங்க உம்மா, வேணும்னு செய்றாளா முடியாம செய்றாளான்னு பாத்து எழுதுங்கன்னு எழுதியிருந்தீங்க. ஒங்களுக்கென்ன, பள்ளிக்கூடத்து மாஸ்டர், எழுதிப் போட்டுட்டீங்க, ஏசாம இருக்கிறது எனக்கு நோன்பு பிடிக்கிறத விடக் கஷ்டமாப் போச்சு. விஷயமும் அதுக்குள்ள முத்திப் போச்சு. தவணைப் பரீட்சையில கணக்குக்கு இருபத்தெட்டு மார்க்ஸ். சரோஜினிதேவி டீச்சர் என்னக் கூப்பிட்டுத் தாளக் காட்டினாங்க, முன்பக்கத்துக் கணக்கு எல்லாம் சரி, பின்பக்கத்துல ஒன்னையும் தொடல்ல. ஏன் புள்ளன்னு கேட்டா, பின்பக்கமும் இருந்திச்சான்னு என்னையே திருப்பிக் கேக்குறா! வாயால கேட்டா எல்லாத்துக்கும் விடை சொல்றா, புத்தி கெட்ட புள்ள இல்ல, ஆனா நான் பேசிட்டு இருக்கயிலேயே வகுப்புல இல்லாமப் போயிர்றா, உடம்பு மட்டும் வாங்குப் பலகையில இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. அடுத்த கிழமை பஸ் கதை. மாத்தளையில ஏறினவ இங்க எறங்காம நாலந்த வரைக்கும் போயிட்டா, இது மூணாவது தடவை. கண்டக்டர் மஹத்தயா திரும்பி வரக்குள்ள எறக்கி விட்டு, நோனா, இந்தப் புள்ளைட கழுத்துல ஊர்ப் பேர எழுதிக் கட்டுங்கன்னு சிரிச்சிட்டுப் போறாரு. வாப்பா சிரிக்கல்ல. பதினாலு வயசாச்சு, படிச்சது போதும், லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தா அனுப்புறதில்ல, வீட்டோட இருக்கட்டும்னு ஒரே சொல்லாச் சொல்லிட்டாரு. நான் மூணாம் வகுப்போட நின்னவ, எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுதுறதுக்கு இன்னைக்கும் அடுத்தவங்கட கையப் பாத்துட்டு இருக்கிறவ. அந்தக் கெதி அவளுக்கு வரப்படாது.

முதல்ல கண்ணூறுன்னுதான் நெனச்சோம். இத்ரூஸ் லெப்பை குங்குமப்பூ மையால ஏழு பீங்கான் தட்டுல ஓதி எழுதிக் குடுத்தாரு, ஒரு நாளைக்கு ஒன்னு, பன்னீர்ல கரைச்சுக் குடிக்கணும். எட்டாம் நாள் பாக்கிறேன், அலுமாரிக்கு மேல அஞ்சு பீங்கான் எழுதின மாதிரியே இருக்கு. போய்ச் சொன்னா லெப்பை தாடியப் பிடிச்சிட்டுச் சிரிக்கிறாரு, மறதிக்கு எழுதினதக் குடிக்க மறந்த புள்ளைக்கு நான் இனி என்னத்த எழுதுறது தங்கச்சி, டாக்டர்கிட்ட கண்ணையும் காதையும் காட்டுங்கன்னாரு. நீங்களும் அதத்தானே எழுதியிருந்தீங்க. காட்டினோம், ரெண்டுலயும் பழுதில்ல. அதுக்குப் பொறகுதான் வாய மூடிட்டுப் பாக்கத் தொடங்கினேன். மண்ணெண்ணைக்குக் கடைக்கு அனுப்பினா போத்தல அங்கயே வெச்சிட்டு ஊர்க் கதையோட வருவா. ஒரு வேல சொன்னா ஓடிப் போய்ச் செய்வா, மூணு வேலைய ஒரே மூச்சுல சொன்னா கடைசி வேலதான் நெனவிருக்கும். நாம கேட்டு முடிக்க முந்தி பதில் வந்திரும். உக்காந்தா கால் ஆடும், கால நிப்பாட்டினா வெரல் ஆடும். படிப்புல மட்டும்னா கள்ளம்னு சொல்லலாம், பெருநாளைக்குன்னு ஆசப்பட்டுத் தைக்கத் தொடங்கின சட்டைக்கு இன்னமும் ஒரு கை இல்ல மகன்! ஆசப்பட்ட காரியத்துலயே இப்பிடின்னா இது வேணும்னு செய்றதில்லன்னு அங்கதான் எனக்கு வெளங்கிச்சு. புதுசா வந்ததும் இல்ல, பாலர் வகுப்புலயே ஒத்தக் கால் சப்பாத்தோட வீட்டுக்கு வந்தவதானே. ஒரு நாள் என்ட மடியில விழுந்து அழுதா. உம்மா, கேக்கணும்னுதான் உக்காருறேன், பாதியில எங்க போறேன்னு எனக்கே தெரியல்ல, திரும்பி வரக்குள்ள எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சிட்டு இருக்காங்கன்னு சொன்னா. சோம்பேறி செவிடின்னு எத்தின தரம் ஏசியிருப்பேன், அகப்பையால கூட அடிச்சிருக்கேன். அன்னைக்கு நானும் சேந்து அழுதுட்டேன்.

அழுது என்ன, வழி பாக்கணுமே. வாப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவருக்கு நம்பிக்க வரல்ல, ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் தொடங்கி முடிச்சுக் காட்டட்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்னாரு. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் கோழிக்கூட்டக் காட்டினேன். மூணு வருஷமா கூரை இல்லாம நிக்குதே, இத யாரு தொடங்கினதுன்னு கேட்டேன். தாயப் போல புள்ளன்னு சும்மாதான் சொல்றாங்க, இங்க வாப்பாவப் போல புள்ள. மறுநாள் விடிய தகரம் அடிக்கிற சத்தத்துலதான் எழும்பினேன். கோழிக்கெல்லாம் இப்ப கூரை இருக்கு, அதனாலதான் மேல சுகம்னு எழுதச் சொன்னேன்.

அவளுக்கு நான் குடுத்த காரியம் இந்தக் கடிதம்தான். ஆமா மகன், இது மஸீஹாட கையெழுத்து. ரோட்டப் பாத்து அவ உக்கார்ற கதிரையத் தூக்கி சுவர் பக்கம் திருப்பிப் போட்டேன். பத்து வரி எழுதினா எழும்பி முத்தத்துக்குப் போய், சாதிக்காய்ல உரிச்சுக் காயப்போட்ட வசவாசியப் பெரட்டி விட்டுட்டு வரணும், வந்து நிப்பாட்டின எடத்துல வெரல வெச்சு அந்த வரியச் சத்தமா வாசிச்சிட்டுத் தொடங்கணும். இப்பிடி மூணு நாள். ரெண்டு தாள் கிழிஞ்சிச்சு, பேனை ரெண்டு தரம் காணாமப் போய் ஒரு தரம் கோழிக்கூட்டுல கெடந்திச்சு. மேல இருக்கிற கொற அத்தனையையும் நான் சொல்லச் சொல்ல அவளேதான் எழுதினா. பஸ் கதையில மட்டும் நிமிந்து பாத்து, உம்மா இத விட்டுருவமான்னு கேட்டா. எழுதுங்க புள்ளன்னேன், மூக்க உறிஞ்சிட்டு எழுதினா. தன்ட கொறையத் தானே எழுதுறது லேசா மகன், நானா இருந்தா மையக் கொட்டியிருப்பேன். எனக்கு இப்ப இருக்கிற சந்தோஷத்துக்கு இந்த ரோடு முழுக்க வட்டிலப்பம் பங்கு வெக்கலாம். சரோஜினிதேவி டீச்சரும் அவள முன்வாங்குல, ஜன்னலுக்குத் தூரமா இருத்துறேன்னு சொல்லிட்டாங்க.

வாப்பா இப்பதான் வந்து அவளுக்குப் பின்னால நின்னு வாசிச்சாரு. தாளத் திருப்பிப் பாத்தாரு, மறுபடி முன்பக்கத்தப் பாத்தாரு. மேச லாச்சியத் தொறந்து முத்திரைய எடுத்து அவளுக்கு முன்னால வெச்சாரு. போகக்குள்ளதான், பள்ளிக்கூடம் தொறக்கிற செவ்வாய்க்கிழம முதல் பஸ்ஸுக்கு நானும் கூட வாறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நாலந்த வரைக்கும் போயிராதீங்க ரெண்டு பேரும்னேன்.

ஈரத் தலையோட கடக்கரையில நிக்காதீங்க, பனியனப் போடுங்க. தங்கச்சிக்குன்னு தனியா நாலு வரி எழுதுங்க, நீளமா வேணாம். ஒங்கட வகுப்புலயும் இப்பிடி ஜன்னலுக்கு வெளிய போற புள்ள இருந்தா அடிக்காம திரும்பி வர்ற வரைக்கும் பாத்துட்டு இருங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல குணத்தையும் தருவான்.

துஆவோட,
ஒங்கட உம்மா
கைறுன்னிஸா

உம்மா சொல்ல எழுதினவ: மஸீஹா
புஹாரி நானா, இது பின்பக்கம்.