கடைசி அரை அங்குலம்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும். கார் சாவியைத் திருப்பினால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை. விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது, ஹார்ன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. இன்ஜின் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வாய் திறக்கவில்லை. ஐந்தாவது தடவை ஒன்றுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு கிளம்பியது. அதுதான் எரிச்சல். ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்தால் கெட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இது கெடவும் இல்லை, நன்றாகவும் இல்லை.

அதற்குள் மனைவி பஸ் ஏறிவிட்டாள். அவள் பத்திரிகை அலுவலகத்தில் இன்று ஒருவருக்குப் பிரிவுபசார விழா. பிழை திருத்துபவர்கள் சார்பில் பேச வேண்டியது அவள்தான். போகும்போது சொன்னது: “உங்க சக்களத்திய நீங்களே கொஞ்சிக்கிட்டு இருங்க. எனக்கு நேரமாச்சு.”

மார்ச் 4, புதன்

மச்சினன் வந்திருந்தான். பல் டாக்டர். என் காரைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பான். ஆனாலும் அதன்மேல் அவனுக்கு ஆறு வருட ஆசை, நான் வாங்கிய நாளிலிருந்து. அக்காக்காரி நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். “இருபத்தெட்டு வருஷத்து வண்டி மாமா. ரெண்டே சீட்டு. உங்களுக்கு எதுக்கு? என்கிட்ட குடுத்துடுங்க” என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் இன்னொரு தடவை மக்கர் செய்தால் சாவி உன் கையில் என்று சொல்லிவிட்டேன். உடனே போனில் தேதியைக் குறித்துக்கொண்டான். எனக்கு எல்லாக் கேடும் வாயால்தான்.

மார்ச் 6, வெள்ளி

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலையில் இன்று ஐந்து மாடிக் கட்டடம், அரதப் பழசான லிஃப்ட். கையால் இழுத்துச் சாத்துகிற இரும்பு மடக்குக் கதவு. சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடவில்லை, பேய் புகுந்திருக்கிறது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் புகார். குழிக்குள் இறங்கிப் பார்த்தேன், மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறிப் பார்த்தேன். மோட்டார், கயிறு, பிரேக் எல்லாம் கச்சிதம்.

இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் லிஃப்டுக்குள் வந்து கதவை இழுத்தார். விரல் அளவு இடைவெளி விட்டுவிட்டு, பட்டனை அழுத்தினார். எப்படி ஓடும்? கதவைக் கடைசிவரை சாத்தினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அதற்குத்தானே அந்தச் சுவிட்சை வைத்திருக்கிறார்கள். அவருக்கு வலது கையில் வலு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

‘இயந்திரத்தில் குறை இல்லை. பயன்படுத்துவோர் கதவை முழுமையாக மூடுவதில்லை.’ அறிக்கை இரண்டே வரி. எழுதிவிட்டு எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெரியவர் படியேறிப் போய்விட்டார். இருபத்தொன்பது வருட அனுபவம் என்றால் சும்மாவா?

குழி ஏணியில் ஏறி இறங்கியதில் இடது முட்டி இட்லிப் பானை மூடி மாதிரி வீங்கிவிட்டது.

மார்ச் 7, சனி

காலையில் எட்டுத் தடவை முயன்ற பிறகு ஸ்டார்ட் ஆனது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காதது பந்தயத்தில் சேராது.

மார்ச் 9, திங்கள்

மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் கையில் முதல் தடவையே ஸ்டார்ட். இருபது தடவை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினான். இருபது தடவையும் ஸ்டார்ட். “நீங்க சொல்ற கோளாறை என் கண்ணுல காட்டுங்க சார், அப்பத்தான் நான் ஏதாவது பண்ண முடியும்” என்கிறான். நானும் பக்கத்தில் நின்றபடியே கேட்கிறேன், என் மானத்தை வாங்குவதற்கென்றே இந்த வண்டியைச் செய்தார்களா?

சந்தேகத்துக்கு பேட்டரி மாற்றினோம்.

மார்ச் 10, செவ்வாய்

ஓடுகிறது. பேட்டரிதான். வெற்றி.

மார்ச் 12, வியாழன்

பேட்டரி இல்லை.

மார்ச் 13, வெள்ளி

ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றியாயிற்று. ரிலே, எர்த் ஒயர், சாவி போடுகிற இடம் எல்லாம் கழற்றி மாட்டியாயிற்று. ஒவ்வொரு சுவிட்சாக மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டானாம், எல்லாம் சரியாம். வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று என் சீட்டை வேறு முன்னால் தள்ளி வைத்திருக்கிறான். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. உட்கார்ந்தால் முட்டி மடங்கி உயிர் போகிறது. பழையபடி கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினேன்.

மார்ச் 16, திங்கள்

தனியாக ஒரு அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறேன். வெயில், மழை, பெட்ரோல் அளவு, வண்டி நின்ற நேரம், சூடா குளிரா. லிஃப்டில் கோளாறை இப்படித்தான் பிடிப்போம்.

இன்று ஓடியது.

மார்ச் 18, புதன்

இன்று இரண்டு லிஃப்ட் குழி. சாயங்காலம் ஆபீஸ் வாசலிலேயே பதினோரு தடவை. வாட்ச்மேன் தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நான் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தேழு வயது மனுஷன் செய்கிற காரியமா இது?

அட்டவணையில் ஒரு மண்ணும் புரியவில்லை. வெயிலிலும் நிற்கிறது, மழையிலும் நிற்கிறது. முட்டியை டாக்டரிடம் காட்டச் சொல்லி இவள் வேறு நச்சரிக்கிறாள். ரெண்டு வருஷமா இதே பாட்டு. வண்டி கெட்டுக் கிடக்கும்போது முட்டி என்ன முட்டி!

மார்ச் 22, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

மருந்துக்கடை வாசல். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திருப்பினேன், இல்லை. திருப்பினேன், இல்லை. ஆறு தடவை. பின்னால் ஒரு வேன்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் வேன்காரனைத் திட்டினேன், மெக்கானிக்கைத் திட்டினேன், கடைசியில் அவளையும் திட்டினேன் — எதற்கென்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அவள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள். “சாவியக் குடுங்க. கொஞ்சம் இறங்குங்க.”

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சாவியை அவளிடம் கொடுத்ததில்லை. அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள், அது வேறு விஷயம். உட்கார்ந்தாள். சீட்டைச் சரசரவென்று முன்னால் இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்.

அணைக்கச் சொல்லி, சீட்டைப் பழையபடி பின்னால் தள்ளி நான் உட்கார்ந்தேன். இல்லை. மறுபடி அவள். ஸ்டார்ட். வேன்காரன் ஹார்னை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாவது தடவை குனிந்து அவள் காலைப் பார்த்தேன். கிளட்சை மிதித்தபோது செருப்பு தரையில் மோதி டொக் என்று ஒரு சத்தம் வந்தது. நான் மிதிக்கும்போது அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

மார்ச் 23, திங்கள்

லீவு போட்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளட்ச் பெடலுக்கு அடியில் ஒரு சின்னச் சுவிட்ச். பெடல் கடைசிவரை போனால்தான் அது அழுந்தும். அழுந்தினால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட். சுவிட்சில் குறை இல்லை. என் கால்தான் கடைசி அரை அங்குலம் போகவில்லை. முட்டி வலிக்கிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளினேன். தள்ளியதால் கால் எட்டவில்லை. வலி குறைந்த நாளில் எட்டியிருக்கிறது, வீங்கிய நாளில் எட்டவில்லை.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த நோட்டைப் புரட்டினேன். ஆறாம் தேதி முட்டி வீக்கம், ஏழாம் தேதி எட்டுத் தடவை. பதினெட்டாம் தேதி இரண்டு குழி, பதினோரு தடவை. எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. வெயிலை எழுதினேன், மழையை எழுதினேன். என்னை மட்டும் அட்டவணையில் சேர்க்கவில்லை.

இயந்திரத்தில் குறை இல்லை. பயன்படுத்துவோர்… எழுதவே கை கூசுகிறது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அந்தச் சுவிட்சின் ரெண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை, கிளட்சே மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகும் என்றான். லிஃப்ட் கதவுச் சுவிட்சை அப்படி முறுக்கி விட்டவர்களுக்கு எத்தனை நோட்டீஸ் கொடுத்திருப்பேன்! வேண்டாம் என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வண்டிக்காக இல்லை. ஏணி ஏற முடியாத இன்ஸ்பெக்டரை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? ரெண்டு வருஷமா டாக்டர்கிட்ட போகாததுக்கு அதுதான் காரணம், வேற என்ன?

மார்ச் 25, புதன்

மூன்றாம் மாடிப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று எல்லோர் முன்னாலும் படித்தது தப்பு என்று சொன்னேன். “நானும் யார்கிட்டயும் கை வலிக்குதுன்னு சொல்லல சார். சொன்னா பையன் தன்னோட கூட்டிட்டுப் போயிடுவான்” என்றார்.

அறிக்கையை மாற்றிவிட்டேன்: கதவு அளவுக்கு மீறி இறுக்கமாக உள்ளது; எளிதில் மூடும்படி மாற்றித் தர வேண்டும். பதினைந்து நாள் கெடு.

மார்ச் 28, சனி

மச்சினன் சரியாகப் பத்து மணிக்கு வந்தான். புதுச் சாவிக்கொத்து ஒன்று வாங்கி வந்திருந்தான், ராஸ்கல். நான் ஏழாம் தேதி, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்திரண்டு என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் இவள் முந்திக்கொண்டாள். “வண்டி எங்கடா மக்கர் பண்ணுச்சு? நான் போட்டா உடனே ஸ்டார்ட் ஆகுதே” என்றாள். வாசலுக்குக் கூட்டிப்போய் பத்துத் தடவை போட்டுக் காட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாசல் பூந்தொட்டியைப் பார்த்தேன். ஒரு காபி குடித்துவிட்டு, சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள். “அடுத்த மாசம் பத்தாம் தேதி முட்டி ஆபரேஷன். நேத்து எடுத்த எக்ஸ்ரேயக் காட்டி டாக்டர்கிட்ட பேசிட்டேன். அதுவரைக்கும் சாவி என்கிட்ட.”

ஏணி ஏற முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன். “அப்ப பாத்துக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்துதானே பாக்கணும்” என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

போகிற வழி முழுக்க நான்தான் பயந்துகொண்டு வந்தேன். ஆபரேஷனுக்கு இல்லை, அவள் போன வேகத்துக்கு.

ஏப்ரல் 27, திங்கள்

முட்டி தொண்ணூறு டிகிரி மடங்குகிறது. இன்னும் ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாதாம். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். கீழே அவள் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். டொக் சத்தம் மாடி வரை கேட்காதுதான். ஆனால் எனக்குக் கேட்டது. முதல் தடவையே ஸ்டார்ட்.

போகாமல் இரண்டு தடவை வேண்டுமென்றே உறுமவிட்டாள். மேலே பார்த்துக் கையாட்டினாள். சிவப்பு வண்டி, அவள் கண்ணுக்குப் புதுக் கறுப்புக் கண்ணாடி. எப்போது வாங்கினாள் என்றே தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து முனை திரும்பிப் போனார்கள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றேன். வீட்டில் இப்போது சக்களத்தி யார் என்பதில்தான் சந்தேகம்.