கண்ணாடியில் பாதித் தண்ணீர்

ஜூன் 1, சனி

இன்று நான்கு சுற்று. மியூசியத்துத் தண்டவாளம் மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர்தான், போய்த் திரும்ப அரை மணி. ஆனாலும் வாரம் முழுக்கத் தையற்கடையில் அடுத்தவர் சட்டைக்குப் பித்தான் தைக்கிறவளுக்கு, சனிக்கிழமை நூறு வயது இன்ஜினுக்குக் கரி போடக் கிடைப்பது சும்மாவா? ஃபயர்மேன் ஆகி இன்றோடு ஒரு வருடம். வீட்டுக்கு வந்ததும் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுப்பு எரிஞ்சுதா, நீ எரிஞ்சியா?" என்றார். குளித்துவிட்டுப் பதில் சொல்லலாமென்று இருந்தேன், மறந்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

நாளை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், போட்டோவும் எடுப்பார்கள். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போய், இன்ஜின் மேடையில் இருக்கிற பித்தளை அத்தனையும் தேய்த்தேன். வால்வுகளின் முதுகைக்கூட விடவில்லை. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படிப் பளபளப்பு.

ஜூன் 8, சனி

மூன்றாவது சுற்றில் நெருப்புப் பெட்டிக்குள் உஸ்ஸென்று வெள்ளையாய் ஆவி. ஈய அடைப்பு உருகிவிட்டது. பாய்லரில் தண்ணீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு காய்ந்தால், அந்த ஈயம் உருகி ஆவியை நெருப்பின் மேலேயே கொட்டும். பாய்லர் வெடிக்காமல் காக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை இறக்கி நடத்தியே கூட்டிப்போனார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

தண்ணி பாக்கறது என் வேலை. பாய்லர் தண்ணி மட்டம் காட்டற கண்ணாடிக் குழாய்ல பாதிக்கு மேல நின்னுதே! என் கண்ணால பாத்தேனே!

கண்ணாடியின் கீழ்வால்வு அடைத்திருக்கும், அதனால்தான் பாய்லரில் குறைந்தும் கண்ணாடியில் இறங்கவில்லை என்றார் டிரைவர். நெருப்பை அணைக்கிற அவசரத்தில் யார் யாரோ எல்லா வால்வையும் மூடியிருந்தார்கள், அதனால் முன்பு எது எப்படி இருந்தது என்று தெரியவில்லை. போன மாதம் அந்த வால்வை மாட்டியது ஃபிட்டர். ஃபிட்டர் என்றால் என் கொழுந்தன்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "என் கைதான் அண்ணி, எங்கேயோ சொதப்பிட்டேன்" என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை, கீழ்வால்வின் பின்பக்கம் தேய்க்கவென்று பிடியைப் பக்கவாட்டில் திருப்பினேன். திருப்பினால் மூடிக்கொள்ளும். திரும்ப இறக்கினேனா? இல்லை. நெருப்பு மூட்டுமுன் கண்ணாடித் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் பார்க்கவில்லை. தேய்த்த பித்தளையில் சொட்டு விழுந்து கறை படியுமே என்று விட்டுவிட்டேன். கறை!

கொழுந்தன் விடிந்ததுமே ஷெட்டுக்குப் போய் வால்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறானாம். அதில் அவனுக்கு என்ன கிடைக்கும்? சொன்னால் என்னை இனி மேடை ஏற விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இவரிடம் கேட்டேன். "அவன் என் தம்பி, நீ என் பொண்டாட்டி. என்கிட்ட நியாயம் கேக்காதே" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஒரே பக்கம்.

ஜூன் 10, திங்கள்

கடை திறக்கவில்லை. ஷெட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். டிரைவர் கையைத் துடைத்தபடியே இருந்தார். பிறகு, "நான் சொல்றவரைக்கும் மேலே ஏறாதீங்க" என்றார். கொழுந்தன்தான் முறைத்தான். "நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணி, ராத்திரி தூங்கியாவது இருப்பேன்" என்றான்.

ஜூன் 22, சனி

கரி உடைப்பது, சாம்பல் அள்ளுவது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்த எண்ணெய் வாசனைக்கு மனசு லேசாகிவிடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 13, சனி

புது அடைப்பு மாட்டியாயிற்று, பாய்லரும் சோதனையில் தேறிவிட்டது. மாட்டும்போது கொழுந்தன் என்னைக் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொன்னான். நான் இப்போது 'பித்தளை அண்ணி'யாம். ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டான். பேசுகிறானே, அதுவே போதும்.

ஆகஸ்ட் 17, சனி

டிரைவர் ஏறச் சொன்னார். அவர் எதிரில் மூன்று தடவை கண்ணாடியை வடித்துக் காட்டினேன். வண்டி ஓடும்போது நான் தண்ணீர் அளவைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் திரும்பித் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். நியாயம்தான். ஆனாலும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 24, சனி

இன்று பதினோரு தடவை திரும்பினார். எண்ணியது என் தப்பு.

செப்டம்பர் 14, சனி

நல்ல கூட்டம், மூன்று பெட்டியும் நிறைந்து ஓடியது. இரண்டாவது சுற்றில், வளைவு வருமுன், "தண்ணி?" என்றார் டிரைவர்.

"பாதிக்கு ஒரு விரல் மேல, சார்."

"சரி" என்றார். தண்டவாளத்தைப் பார்த்தபடியே விசிலை இழுத்தார்.